ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சரிசெய்து தரவேண்டியது கம்பெனியின் பொறுப்பு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சர்வீஸ் சென்டரில் நாம் சொல்லும் புகாரை ஜாப் கார்டு என்ற வேலைச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்களே, அது கம்பெனிவரை போய்ச் சேருகிறதா, போனால் என்னவாகப் போகிறது என்பதை நம்மில் பலர் கேட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு அது ஒரு மாங்காய் சீசன் முழுக்க அலைந்த பிறகு புரிந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பைக்கை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். அவர்களில் யாருக்காவது பயன்படும் என்றுதான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். மாங்கூழ் ஆலைகளுக்காகத் தோப்புகளில் காய் பார்த்து, விலை பேசி, லோடு ஏற்றிவிடுவது என் தொழில். ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் ஜூலைவரை சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் என்று வண்டி நிற்காமல் ஓடும். கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா காய். அது பழுக்கும் நேரத்தில் ஒரு நாள் தோப்புக்குப் போகாமல் விட்டால் அந்தத் தோப்பு வேறு ஆள் கைக்குப் போய்விடும். அதனால்தான் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, நம்பிக்கையாகப் புது வண்டி எடுத்தேன். பிஎஸ்6 வண்டி, இன்ஜெக்‌ஷன், முன்னால் ஏபிஎஸ். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இங்கே தேவையில்லை. எந்த வண்டிக்கும் வழி இதேதான்.

கோளாறு இரண்டு. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைவது. இன்னொன்று, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவது. முதலாவது உயிருக்கே ஆபத்தானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வண்டி வாங்கிச் சில மாதங்களில், தார் ரோட்டிலிருந்து தோப்பு மண்பாதைக்குத் திருப்பும் இடத்தில் ஒரு கணம் இழுவை அற்றுப்போகும். கிளட்ச் பிடிக்காமல் இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் இன்ஜின் தானே மறுபடி பிடித்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டும். வேகம் குறைவாக இருந்தால் அப்படியே அணைந்து நிற்கும். ஸ்டார்ட்டரை அழுத்தினால் உடனே எடுக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பிறகு நாலைந்து நாள் எதுவும் இருக்காது. மண்பாதையில் இது நடந்தால் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். தேசிய நெடுஞ்சாலை 44-இல், பெங்களூரு போகும் லாரிகள் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது, சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறித் திரும்பும் இடத்தில் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் என் மகளை உட்கார வைத்துக்கொண்டு போன ஒரு நாள் அப்படி நின்றது. அன்றைக்குத்தான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

சர்வீஸ் சென்டரில் முதலில் பிளக் மாற்றினார்கள். அடுத்த முறை த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். அப்புறம் சைடு ஸ்டாண்டு சென்சார். இது சந்தேகப்பட வேண்டிய இடம்தான், ஏனென்றால் ஸ்டாண்டு இறங்கியிருப்பதாக அந்த சென்சார் தவறாகச் சொன்னாலும் கியரில் இருக்கும் இன்ஜின் அணையும். பிறகு ஃப்யூவல் பம்ப். ஒவ்வொரு முறையும் "சரியாயிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஒரு வாரம் ஓடும், மறுபடி நிற்கும். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் எரர் கோடு எதுவும் இல்லை. "கம்ப்யூட்டரே நல்லா இருக்குன்னு சொல்லுது சார். நாங்களும் ஓட்டிப் பாத்துட்டோம்." இதற்கு மேல் பேச இடமில்லாமல் செய்துவிடும் பதில் இது.

நடுவில் பெட்ரோல்மேல் பழி போட்டார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் பிரிந்து டேங்க் அடியில் தங்கும் என்பது உண்மை. ஆனால் அப்படியிருந்தால் ஸ்டார்ட் ஆவதிலேயே தொல்லை இருக்கும், இழுவை விட்டுவிட்டு வரும். திருப்பத்தில் மட்டும் அணைந்து, உடனே சுத்தமாக எடுக்காது. நான் தொடர்ந்து ஒரே பெட்ரோல் பங்கில் போட்டு, பில்லையும் வைத்திருந்தேன். அதே பங்கில் போடும் எங்கள் ஆலை வண்டிகள் எதிலும் இந்தப் பிரச்சினை இல்லை. இதைச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. பில் இல்லையென்றால் நின்றிருக்காது.

இங்கே எனக்கு வழி காட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் காவேரிப்பட்டணத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். என் பழைய வண்டியை வருஷக்கணக்கில் பார்த்தவர். புது வண்டியைக் கொண்டுபோனபோது அவர் ஸ்பேனரையே தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலை இடம், வலம் என்று மெல்ல முழுக்கத் திருப்பினார். வலது பக்கம் கடைசிவரை போய் அங்கேயே லேசாக ஆட்டியபோது இன்ஜின் ஒரு திணறு திணறியது. மறுபடி செய்தார், அணைந்தது.

"தம்பி, மீட்டரைப் பாத்தியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. திரும்பச் செய்து காட்டினார். இன்ஜின் அணையும் அதே கணத்தில் மீட்டர் விளக்கும் அணைந்தது. ஹேண்டிலை நேராக்கியதும் மீட்டர் எரிந்து, முள் ஒருமுறை கடைசிவரை மேலே போய் இறங்கியது. சாவியை அணைத்துப் போட்டால் எப்படி நடக்குமோ அப்படியே. பெட்ரோல் வராததாலோ பிளக் பொறி விடாததாலோ இன்ஜின் நின்றால் மீட்டர் அணையாது, எரிந்துகொண்டேதான் இருக்கும். மீட்டரும் சேர்ந்து அணைகிறது என்றால் சாவி ஸ்விட்ச் வழியாக வரும் கரண்டே அறுந்து அறுந்து வருகிறது. அந்த வயர்கள் எல்லாம் ஹேண்டில் கழுத்தை ஒட்டித்தான் போகின்றன.

பிரித்துச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "நான் டேப்பைப் பிரிச்சேன்னு தெரிஞ்சா, வெளி ஆளு கை வெச்சதாலதான் கெட்டுச்சுன்னு வாரண்டியைக் கழுத்தறுத்துடுவாங்க. இதை அவங்க கண்ணு முன்னாடி காட்டு. அவங்க கையாலதான் பிரிக்க வைக்கணும்." காசு வாங்கிக்கொண்டு வயரை ஒட்டிக் கொடுத்திருக்கலாம் அவர். செய்யவில்லை. அந்த நேர்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அடுத்தவர் என் மச்சினன். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். எங்கள் மாவட்டத்தில் இப்படி வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டால் வெளியே தெரியாத பல விஷயம் வரும். அவன் சொன்னது இதுதான்: "மாமா, கம்பெனிக்கு உங்களையும் தெரியாது, உங்க வண்டியையும் தெரியாது. சர்வீஸ் சென்டர்ல புகார் கேட்டு எழுதற அட்வைசர் ஜாப் கார்டுல என்ன டைப் பண்றாரோ, எந்தப் பாகத்துக்கு வாரண்டி கிளெய்ம் போடறாரோ, அவ்வளவுதான் தெரியும். உங்க பழைய ஜாப் கார்டை எல்லாம் எடுங்க, பார்ப்போம்."

எடுத்துப் பார்த்தோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒவ்வொரு முறையும் "ஓடும்போது அணையுது, ஆக்சிடென்ட் ஆயிடும் போலிருக்கு" என்றுதான் சொல்லியிருந்தேன். ஒரு கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று இருந்தது. இன்னொன்றில் "ஸ்டார்ட்டிங் ட்ரபிள்". வேறொன்றில் "பிக்கப் குறைவு". பம்ப் மாற்றிய கார்டில் மட்டும் இன்ஜின் அணைவதாக ஒரு வரி. ஆக, கம்பெனியின் கணக்கில் என் வண்டிக்கு ஒரே கோளாறு பலமுறை வரவே இல்லை. வெவ்வேறு சின்னச் சின்னக் குறைகள் ஒவ்வொரு முறை வந்து, அன்றன்றைக்கே தீர்ந்திருக்கின்றன. திரும்ப வரும் கோளாறு என்று அங்கே யாருக்கும் தெரிய வழியே இல்லை.

அந்த அட்வைசர் தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காலை ஒன்பது மணிக்கு வரிசையாக வண்டிகள் நிற்கும். ஒவ்வொருவரிடமும் கேட்டு, டைப் செய்து, மாலைக்குள் டெலிவரி கொடுத்தாக வேண்டும். அனுப்பிய வாரண்டி கிளெய்மைக் கம்பெனி தள்ளிவிட்டால் அந்தச் செலவு ஷோரூம் தலையில் விழும், அதனால் பெரிய பாகத்துக்குக் கிளெய்ம் போடவே தயங்குவார்கள். இந்த நெருக்கடியெல்லாம் புரிகிறது. ஆனால் அதற்கு விலையாக என் மகளின் உயிரைக் கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் வீட்டிலேயே புகாரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். இப்படி: "ஹேண்டிலை வலது பக்கம் முழுதாகத் திருப்பும்போதும், மேடு பள்ளத்திலும் இன்ஜின் திடீரென அணைகிறது. அதே கணத்தில் மீட்டரும் அணைந்து, முள் மேலே போய் இறங்குகிறது. உடனே மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதே புகாருக்காக முன்பு பிளக், சைடு ஸ்டாண்டு சென்சார், ஃப்யூவல் பம்ப் மாற்றியும் தீரவில்லை." என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, கூடவே வேறென்ன நடக்கிறது, முன்பு என்ன செய்தார்கள். இந்த நாலும் இருந்தால் போதும். காரணத்தை நாம் எழுதக்கூடாது என்று மச்சினன் அழுத்திச் சொன்னான். "வயரிங் ஃபால்ட்" என்று நாமே எழுதினால், வயரிங்கை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "வயரிங் சரியாக உள்ளது" என்று முடித்துவிடுவார்கள். நடப்பதை எழுதினால், நடப்பது நிற்கும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இதை அப்படியே கார்டில் ஏற்றச் சொன்னேன். "இவ்வளவு டைப் பண்ண இடமில்லை சார்" என்றார் அட்வைசர். சரி, முக்கியமான வரியை ஏற்றுங்கள், மீதியைப் பிரிண்ட் எடுத்த கார்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், நீங்களும் பக்கத்தில் போடுங்கள் என்றேன். போட்டார். அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். கார்டில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, வாரண்டி வேலை, காசே வாங்கவில்லை என்றாலும், பில் கேளுங்கள். மாற்றிய பாகம், கிலோமீட்டர், தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். சில பில்கள் சீக்கிரம் வெளுத்துப் போகும் தாளில் வரும், அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள். முழு சர்வீஸ் ஹிஸ்டரியையும் அவர்கள் சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

வீடியோ இன்னொரு பலம். எப்போதாவது வரும் கோளாறு சர்வீஸ் சென்டரில் நிச்சயம் வராது, அதற்கு வீடியோதான் சாட்சி. ஆனால் ஓட்டிக்கொண்டே கையில் போனைப் பிடித்து எடுக்காதீர்கள். நிறுத்திய வண்டியில், ஐடிலில், ஹேண்டிலைத் திருப்பி, மீட்டர் அணைவதை எடுத்தேன். வீடியோ தொடக்கத்தில் நம்பர் பிளேட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் காட்டிவிட்டு, வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வண்டி என்பார்கள்.

இனி ஃபோர்க் ஆயில். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடது பக்கம் ஆயில் சீல் கசிந்தது, மாற்றினார்கள். கசிந்தது, மாற்றினார்கள். மறுபடி கசிந்தது. சீல் என்பது ரப்பர். அது உரசிப் போகும் குரோம் குழாயில் ஒரு சின்னக் கீறலோ புள்ளியோ இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் அது கிழித்துக்கொண்டேதான் இருக்கும். மெக்கானிக் அண்ணன் நகத்தை வைத்துக் குழாயில் மேலும் கீழும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் நகம் சிக்கியது. கசிந்த ஆயில் பிரேக் டிஸ்க்கில் பட்டால் முன் பிரேக் பிடிக்காது, எனவே இதுவும் சின்ன விஷயமில்லை. ஒரே பாகத்தை இரண்டாவது முறை மாற்றும்போதே "இது ஏன் போகிறது?" என்று கேட்க வேண்டும். பாகத்தை மாற்றுவது வேறு, கோளாறைத் தீர்ப்பது வேறு.

கம்பெனியின் டோல்ஃப்ரீ எண்ணுக்குப் போன் செய்தால் ஒரு புகார் எண் தருவார்கள். அந்தப் புகார் சுற்றிக்கொண்டு அதே ஷோரூமுக்குத்தான் வரும். ஷோரூமிலிருந்து கூப்பிட்டு "வண்டியைக் கொண்டு வாங்க" என்பார்கள், பார்த்துவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று கம்பெனியிலிருந்து போன் வரும்போது, வண்டி கையில் வந்த சந்தோஷத்தில் "தீர்ந்தது" என்று சொல்லிவிடக்கூடாது. "இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வேன், அதுவரை முடிக்காதீர்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. நான் அப்படிச் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பெண் கொஞ்சம் தடுமாறினார், ஆனால் அப்படியே குறித்துக்கொண்டார்.

உண்மையில் கதவைத் திறந்தது கடிதம்தான். வண்டியோடு வந்த கையேட்டிலும் கம்பெனியின் இணையதளத்திலும் பதிவு அலுவலக முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு, சர்வீஸ் பிரிவுத் தலைவர் என்று குறிப்பிட்டு, ஒரே பக்கத்தில் எழுதினேன். மேலே சேஸிஸ் எண், இன்ஜின் எண், வாங்கிய தேதி, இப்போதைய கிலோமீட்டர். நடுவில் ஜாப் கார்டு எண், தேதி, கிலோமீட்டர், நான் சொன்ன புகார், அவர்கள் மாற்றிய பாகம் என்று வரிசையாக ஒரு அட்டவணை. கீழே மூன்றே கோரிக்கை. உங்கள் இன்ஜினியர் ஒருவர் என் முன்னிலையில் வண்டியைச் சோதிக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 15 நாளில் பதில் வேண்டும். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. "ஓடும்போது இன்ஜின் அணைவது ஓட்டுபவருக்கும் சாலையில் செல்லும் மற்றவர்களுக்கும் உயிராபத்து. இதை எழுத்து மூலம் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன்" என்ற வரியை மட்டும் தனிப் பத்தியாகப் போட்டேன். பாதுகாப்புக் குறைபாடு என்று எழுத்தில் வந்துவிட்ட கடிதத்தைக் கம்பெனியில் யாரும் சும்மா வைத்திருக்கத் துணியமாட்டார்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வீடியோவோடு அனுப்பினேன். தபாலில் அனுப்பியதற்கு டெலிவரி ஆன சான்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பதில் வருவதற்குள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்லும் இடமில்லை, நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள். அதிலும் ஒரு பயன் உண்டு. அந்தப் புகார் ஷோரூமுக்கு இல்லை, கம்பெனிக்கே நேரடியாகப் போகும்.

கம்பெனியின் ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். இளைஞர், பொறுமைசாலி. நான் ஹேண்டிலைத் திருப்பிக் காட்ட, அவர் மீட்டரைப் பார்த்தார். உடனே ஸ்கேனரைத் தள்ளி வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். அங்கேதான் எனக்கு இன்னொரு விடை கிடைத்தது. "எரர் கோடு ஏன் வரலைன்னா சார், கோடை எழுதி வைக்கிற ஈசியுவுக்கே, அதான் இன்ஜினை இயக்கற கம்ப்யூட்டருக்கே, கரண்ட் போயிடுது. செத்துப்போறது அதுதான், அது எப்படி எழுதும்?" என்றார். இத்தனை நாள் "கோளாறே இல்லை" என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம்!

டேங்கைக் கழற்றி, ஹேண்டில் கழுத்தருகே ஹார்னஸ் என்னும் வயர்க் கட்டின் கறுப்பு டேப்பைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். உள்ளே கட்டாக வயர்கள். வெளியே பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றாக இரண்டு விரலில் பிடித்து நீவிக்கொண்டே போனவர் ஒரு வயரில் நின்றார். மேல் பிளாஸ்டிக் உறை முழுசாக இருந்தது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் வயர் விறைப்பில்லாமல் நூல் மாதிரித் துவண்டது. உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. உறை பிடித்துவைத்திருந்ததால் ஹேண்டில் நேராக இருக்கும்போது நுனிகள் தொட்டுக்கொண்டு கரண்ட் போகும், வலது பக்கம் திருப்பினால் விலகும். காரணத்தையும் காட்டினார். ஹார்னஸை ஃப்ரேமோடு கட்டும் பிளாஸ்டிக் பட்டி கழுத்துக்கு மிக அருகில் இறுக்கப்பட்டிருந்தது. ஹேண்டில் திரும்பும்போது வளைந்து கொடுக்க வயருக்குத் தளர்வே இல்லை. ஒவ்வொரு திருப்பமும் அந்த ஒரே இடத்தை இழுத்து மடக்கியிருக்கிறது. பேக்டரியிலேயே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியை யாரும் கழற்றியதற்கான தடயம் இல்லை என்பதை அவரே ரிப்போர்ட்டில் எழுதினார்.

நான் வண்டியில் ஃபாக் லைட்டோ கூடுதல் ஹாரனோ மாட்டாமல் வைத்திருந்தது அந்த இடத்தில் பெரிய உதவி. வயரை வெட்டி எதையாவது இணைத்திருந்தால் அவர்களுக்கு அதுவே போதுமான காரணமாகியிருக்கும். ஃப்ரீ சர்வீஸ்களை நாளும் கிலோமீட்டரும் தவறாமல் செய்திருந்ததையும் முதலில் சரிபார்த்தார்கள். இந்த இரண்டிலும் நாம் சுத்தமாக இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

புது ஹார்னஸ் வந்தது, தளர்வு விட்டுக் கட்டினார்கள். ஃபோர்க் குழாயையும் சீலோடு சேர்த்து மாற்றினார்கள். மாற்றிய பாகத்துக்கு வாரண்டி பெரும்பாலும் வண்டியின் மீதி வாரண்டிக் காலம்வரைதான். எனக்கு அது முடியும் தறுவாயில் இருந்ததால், இந்த இரண்டு பாகங்களுக்கும் மேலும் ஓராண்டு கேட்டேன், மின்னஞ்சலில் உறுதி தந்தார்கள். வாயால் சொன்னதை ஏற்க மறுத்தேன். சீசனில் போன தோப்புகளுக்கும், மாற்று வண்டி வாடகைக்கும் இழப்பீடு கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை. அதற்காக வழக்குக்குப் போகலாமா என்று யோசித்து, வண்டி சரியானதே போதும் என்று விட்டுவிட்டேன். அது என் முடிவு. வேறு ஒருவர் போவதாக இருந்தால் நான் தடுக்கமாட்டேன்.

கடிதத்துக்கு மசியவில்லை என்றால் அடுத்த இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம்வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கம்பெனி இழுத்தடிக்கும்போது இந்தக் கெடுவைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஷோரூம், கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு போங்கள். இத்தனை முறை ரிப்பேர் ஆனால் புது வண்டி தரவேண்டும் என்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. பலமுறை சர்வீஸ் சென்டருக்குப் போனோம் என்பது மட்டும் உற்பத்திக் குறைபாட்டை நிரூபித்துவிடாது, நிபுணர் அறிக்கை கேட்பார்கள். சோதித்தால்தான் தெரியும் என்ற குறையென்றால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கே சட்டத்தில் அதிகாரம் உண்டு. 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றிருக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதனால்தான் நான் முதல் கடிதத்திலேயே புது வண்டி கேட்கவில்லை. சோதனையும் எழுத்துப்பூர்வமான காரணமும் கேட்டேன். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால், வழக்கென்று போனாலும் அதுதான் முதல் ஆவணம்.

பாதுகாப்புக் குறைபாடு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஒரே மாதிரி ஆபத்தான குறை பல வண்டிகளில் இருப்பதாக உரிமையாளர்கள் புகார் செய்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யக் கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதற்காக மத்திய அரசின் வாகன் தளத்தில் உரிமையாளர்கள் புகார் பதிய வசதி இருக்கிறது. இது நம் ஒரு வண்டியைச் சரிசெய்து தராது. ஆனால் எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் அரசு பார்க்கும். ஷோரூமில் சண்டை போட்டுத் தன் வண்டியைச் சரிசெய்துகொண்டு போய்விடுபவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை, அதே குறை அடுத்தவர் வண்டியில் அப்படியே இருக்கிறது. நான் என் வண்டி சரியான பிறகும் அங்கே பதிந்தேன்.

பர்கூரில் எனக்குத் தெரிந்த ஒரு காய் வியாபாரி, அதே மாடல், அதே ஆண்டு வண்டி வைத்திருக்கிறார். அவருக்கும் வண்டி திருப்பத்தில் அணைகிறதென்று பேச்சுவாக்கில் சொன்னார். மீட்டரைப் பார்க்கச் சொன்னேன், அதுவும் அணைகிறது. என் தாளில் இருந்த வாசகத்தையே அவர் கார்டில் எழுதவைத்து, என் ரிப்போர்ட்டின் நகலையும் ஷோரூமில் கொடுத்தோம். பிளக், பம்ப் என்று எதையும் தொடாமல் நேராகக் கழுத்துப் பக்கத்தைப் பிரித்தார்கள். பட்டி அதே இடத்தில் இருந்தது. வயர் இன்னும் முழுதாக அறவில்லை. ஹார்னஸ் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் அவரை உட்காரவைத்து வாகன் தளத்தில் அவர் வண்டிக்கும் புகார் பதிந்துவிட்டோம்.